பதினான்கு டிகிரி

எங்கள் தோட்டத்தில் குளிர் பார்க்கிறவள் நான்தான். சிரிக்க வேண்டாம். கொழுந்து பறிக்க ஆள் உண்டு, உரம் போட ஆள் உண்டு, குளிர் பார்க்கவும் ஓர் ஆள் உண்டு. பெயர் சூசையம்மா. மடுல்கெல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் இரண்டு மைல் மேலே ஏறினால் எங்கள் தோட்டத்து ஒபீஸ் வரும். அங்கே கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, மேசை துடைப்பது எல்லாம் என் வேலை. அதோடு சேர்த்து இந்தக் குளிர் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார் கிளாக்கர் இராமகிருஷ்ணன். உண்மையில் அது அவருடைய வேலை. விடியற்காலையில் போர்வையை விட்டு எழும்ப அவருக்கு மனமில்லை. எனக்கு மட்டும் மனம் துள்ளிக்கொண்டு இருந்ததாக்கும்.

ஒபீஸ் முற்றத்தில் நான்கு கால் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று நிற்கிறது. அதற்குள் தொங்குவதுதான் வெப்பமானி. இரண்டு கால் உள்ள கண்ணாடிக் குழாய். இடது காலில் ஊசி போல ஒரு சின்ன நீலக் குச்சி இருக்கும். குளிர் எவ்வளவு இறங்கியதோ அந்த எண்ணுக்கு நேரே குச்சி நின்றுவிடும். பிறகு சூடு ஏறினாலும் அது அசையாது. நடுவில் உள்ள பொத்தானை அமுக்கினால்தான் பழையதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

"சாயங்காலம் பொத்தான அமுக்கி வைங்க. விடிய குச்சி எங்க நிக்குதுன்னு பாத்து பலகையில எழுதுங்க. அம்புட்டுத்தான்" என்றார் கிளாக்கர். என் படிப்பும் அம்புட்டுத்தான்.

நான் பலகையில் எழுதியதை அவர் பதிவேட்டில் ஏற்றி ஒப்பம் வைப்பார். பலகையை ஃபோனில் படம் பிடித்துக் கண்டிக்கு அனுப்புவார். சுற்றுவட்டாரத்தில் இருபது இடங்களில் இருந்து இப்படி எண் போகிறது என்று சொல்வார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பெண்பிள்ளையின் குரலில் பிராந்திய வானிலை அறிவிப்பு எல்லாருடைய ஃபோனுக்கும் வந்து சேரும். அதில் எங்கள் மலைக்குச் சொல்வது நான் எழுதிய எண்தான். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? என் வீட்டுக்காரர் யாகப்பர்கூட, "நீ எழுதுறதத்தான் கண்டியே கேக்குது, வீட்டுல நான் பேசுறத எவன் கேக்குறான்" என்று கிண்டல் பண்ணுவார்.

அந்த எண்ணுக்குப் பலமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு தொழிற்சங்கத்தார் சண்டை பிடித்துத் தோட்டத்து மேலாளரான தொரையிடம் ஓர் ஒப்பந்தம் வாங்கினார்கள். எண் பத்துக்குக் கீழே இறங்கினால் காலை ஏழு மணிக்குப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டு ஒன்பதுக்குத் தள்ளிப் போகும். மாடு வைத்திருக்கிறவர்கள் பூட்டிக் கிடக்கிற பழைய புள்ளக் காம்பராவுக்குள் மாட்டைக் கட்டிக்கொள்ளலாம். முன்பு வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன, கல் சுவர் வைத்து, தகரம் ஒழுகாத கட்டடம் அது. பத்துக்கு மேலே இருந்தால் திறக்க மாட்டார்கள். சாணி நாறும் என்பது தொரையின் கவலை.

முந்தின வருஷம் காற்றில் பெட்டிக் கதவு திறந்து பழைய வெப்பமானி விழுந்து உடைந்து போனது. பெரட்டில் இருநூறு பேர் நிற்கும்போது கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, "புதுசு வந்திருக்கு. இதுவும் ஒடஞ்சா ஒங்க சம்பளத்துலதான் புடிப்பாங்க, சொல்லிட்டேன்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அன்றிலிருந்து நான் சும்மா விடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகுமுன் வெப்பமானியைப் பெட்டியிலிருந்து எடுப்பேன். பொத்தானை அமுக்கி, துணியால் துடைத்து, தேத்தண்ணி போடும் ஒபீஸ் குசினிச் சுவரில் நான் அடித்த ஆணியில் மாட்டிவிடுவேன். காலையில் வந்ததும் அங்கேயே விளக்கைப் போட்டுப் பார்த்து எண்ணை எழுதிவிட்டு, பிறகு ஆறரைபோல வெளியே கொண்டுபோய்ப் பெட்டியில் தொங்க விடுவேன். காற்றும் இல்லை, குரங்கும் இல்லை. கிளாக்கர் தேத்தண்ணி குடிக்க வந்தபோது அந்த ஆணியைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல வேலை செய்திருக்கிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் வடக்கே கடலில் புயல் என்றார்கள். இங்கே நாலு நாளாகக் காற்றும் தூறலும் விடவில்லை. மலையிலிருந்து பீலியில் வந்து விழுகிற தண்ணியில் கை வைத்தால் விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெண்கள் நனையாமல் இருக்கப் படங்குத் துணியை இடுப்பில் கட்டி, தலையில் இரண்டு கம்பளி போட்டு மலைக்குப் போனார்கள். கொழுந்தை ஒடிக்க விரல் மடங்கவில்லை என்று பெரட்டில் முணுமுணுத்தார்கள். பலகையில் பதினான்கு. மறுநாளும் பதினான்கு. அதற்கு மறுநாளும் பதினான்கு.

"என்னா சூசையம்மா, கண்ணாடிக்குக் குளுரவே இல்லையா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நுவரெலியாவுல போய் நின்னு பாரு, குளுருன்னா என்னான்னு தெரியும். ஒடம்புல சத்து இல்லாததுக்கு என்கிட்ட ஏன் வர்ற?" என்றேன் நான். எனக்கு வாய் நீளம். அந்த வாயை இன்றைக்கு நினைத்தால் அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

வியாழக்கிழமை பின்னேரம் வேலாயி வந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பரா அவளுடையது. புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே மகள் சந்திரிகா கண்டியில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டு, மஹய்யாவையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தாள். இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது அவள் படித்து முடிக்க. வேலாயியின் கொழுந்துச் சம்பளம் சோற்றுக்கே பற்றாது. பால் சங்கம் கொடுத்த செவலைப் பசு ஒன்று அவளிடம் இருந்தது. தலைச்சன் கன்று, நிறைமாதம். கன்று போட்டால் பால் வரும், பால் வந்தால் மகள் படித்து முடிப்பாள். அதற்காகவே வேலாயி அந்தப் பசுவுக்கு இரண்டு வருஷமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கொட்டகை கீழே ஆற்றோரம் இருந்தது. மூன்று பக்கம்தான் மறைப்பு, காற்று வருகிற பக்கம் திறந்து கிடக்கும்.

நான் அப்போது வீட்டில் பாலன் குடில் வைத்துக்கொண்டிருந்தேன். களிமண் மாட்டுக்குக் கீழே வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த கையோடு வாசலைப் பார்த்தேன். இஸ்தோப்பில், முன் திண்ணையில், வேலாயி நனைந்துபோய் நின்றாள்.

"அக்கா, மாடு நிக்க முடியாம நடுங்குது. வாயில நொர தள்ளுது. கிளாக்கரய்யாகிட்ட சொல்லி புள்ளக் காம்பராவத் தொறந்து தரச் சொல்லுங்களேன். ரெண்டு நாளைக்கு மட்டும்."

"நீ போய்க் கேட்டியா?"

"கேட்டேன். எண்ணு பத்துக்குக் கீழ எறங்கலன்னாரு. சூசையம்மா எழுதுறதுதான், அதுக்கு மேல நா என்னா செய்யன்னாரு. அதான் ஒங்ககிட்ட வந்தேன். நாளைக்கு எறங்குமாக்கா? எறங்கும்னா இன்னைக்கே கட்டிக்குவேன்."

அந்த நேரம் பார்த்து என் ஃபோனில் அறிவிப்பு வந்தது. போட்டுக் காட்டினேன். "கண்டி மாவட்டம், வடகிழக்கு மலைப்பகுதி. ஆகக்குறைந்த வெப்பநிலை பதினான்கு பாகை. நாளையும் இதே நிலை தொடரும். குளிர் எச்சரிக்கை இல்லை. நுவரெலியா மாவட்டத்துக்கு மட்டும் கால்நடைகளுக்கான எச்சரிக்கை..."

"கேட்டியா?" என்றேன். "பதினாலு. எச்சரிக்க இல்லையாம். தலச்சன் கன்னுன்னா மாடு கொஞ்சம் மிரளும், நீயும் சேர்ந்து மிரளாத. ரெண்டு சாக்கப் போத்தி விடு."

"சாக்கெல்லாம் ஈரமா இருக்குக்கா."

"அப்ப ஒன் கம்பளியப் போத்து."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் போய் அதையே செய்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய நான் ஒபீஸுக்கு வந்து குசினி விளக்கைப் போட்டு, குச்சியைப் பார்த்து, பதினான்கு என்று எழுதினேன். எழுதி முடிக்கவில்லை, கீழே கொட்டகைப் பக்கம் ஆட்கள் போவது தெரிந்தது. நானும் போனேன். செவலை நாலு காலையும் நீட்டிக் கிடந்தது. மேலே வேலாயியின் கம்பளி. வயிற்றில் இருந்த கன்று அப்படியே இருந்தது. வேலாயி அழவில்லை. கம்பளியை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பத்து மணிபோல பால் சங்கத்து ஹுஸைன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கெலிஓயாக்காரர், நல்ல மனுஷன். மாட்டைச் சுற்றிப் பார்த்தார், கடதாசியை எடுத்தார். இறப்புக்குக் காரணம் என்று அதில் மூன்று கட்டம். நோய், குளிர், கவனிப்புக் குறைவு. குளிர் என்றால் சங்கம் வேறொரு கிடாரி கொடுக்கும். கவனிப்புக் குறைவு என்றால் ஆளையே சங்கத்திலிருந்து வெட்டிவிடும், இனி எந்த நாளும் மாடு கிடைக்காது.

"நோய் இல்ல. பாத்தா குளிர் மாதிரித்தான் தெரியுது" என்றவர் ஃபோனில் அறிவிப்பைத் தேடினார். பிறகு கிளாக்கரிடம் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். "இங்க பதினாலுதானே நிக்குது. பதினாலுல மாடு சாகாதே அக்கா. புல்லு, தண்ணி ஒழுங்கா வச்சீங்களா?"

"வச்சேங்க" என்றாள் வேலாயி.

"நான் என்ன செய்ற, சொல்லுங்க? குளிர்னு எழுதினா மேல கேப்பாங்க, குளிரே இல்லாத எடத்துல எப்படிக் குளிர்ல செத்ததுன்னு."

அவர் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டார். தன் கம்பளியைக் கழற்றி மாட்டுக்குப் போர்த்தியவளுக்குக் கவனிப்புக் குறைவு. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அப்போது, இவள்தான் எங்கோ கவனிக்காமல் விட்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. என் எண் பொய் சொல்லுமா?

சனிக்கிழமை சந்திரிகா வந்தாள். பையில் துணிமணி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒபீஸ் பக்கம் வந்து, "பெரியம்மா, கிளாக்கரய்யா இருக்காரா? பேரு பதியணும்" என்றாள்.

"என்னா பேரு?"

"கொழுந்துக்குத்தான். அம்மாவால தனியா சமாளிக்க முடியாது. படிப்ப அப்புறம் பாத்துக்கலாம்."

நான் வழக்கம்போல வெப்பமானியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பொத்தானில் விரல் வைத்தேன்.

"இத ஏன் எடுக்குறீங்க பெரியம்மா?"

"உள்ள மாட்டத்தான். ராவுல வெளிய கெடந்தா ஒடஞ்சு போகும்."

"எங்க மாட்டுறீங்க?"

குசினியைக் காட்டினேன். ஆணிக்குக் கீழே ஒரு முழம் தள்ளி அடுப்பு இருந்தது. தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அந்தத் தணல் விடிய விடிய இருக்கும், காலைத் தேத்தண்ணிக்கு நான் அதையே ஊதித்தான் பற்ற வைப்பேன். சந்திரிகா ஆணியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ராவெல்லாம் இங்கயா இருந்துச்சு?"

"ஒரு வருஷமா இங்கதான்."

"பொத்தான அமுக்காதீங்க. குடுங்க இத." கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "குச்சி எங்க நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். சாயங்காலத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்கச் சொல்லவில்லை, அமுக்கத்தான் சொன்னார்கள். குச்சி ஏழில் நின்றது.

"இது காலையில நீங்க வெளிய கொண்டுபோய் வச்சதுக்கு அப்பறம் எறங்குனது. வெள்ளன ஆறரைக்கே ஏழுன்னா, சாமத்துல இன்னும் எவ்வளவு எறங்கியிருக்கும்? நீங்க எழுதுனது குசினியோட சூடு பெரியம்மா."

அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற குரலில் சொன்னாள். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் உண்மை அந்தக் கண்ணாடியில் வந்து நின்றிருக்கிறது, நான் விரலால் அமுக்கி அமுக்கி அழித்திருக்கிறேன்.

நேரே கிளாக்கரிடம் போனேன். சந்திரிகாவும் கூட வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டைத் திருத்தி, எண் பிழை என்று ஒரு வரி எழுதி ஒப்பம் வைத்துக் கொடுங்கள், ஹுஸைன் ஐயா கடதாசியை மாற்றுவார், வேலாயிக்குக் கிடாரி கிடைக்கும் என்றேன். அவர் பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷத்துப் பக்கம் பூரா என் ஒப்பம் இருக்கு சூசையம்மா. எல்லாம் பொய்னு நானே எழுதிக் குடுக்கவா? நா பாக்க வேண்டிய வேலைய ஒங்களப் பாக்க விட்டது தொரைக்குத் தெரிஞ்சா எனக்கும் வேல இல்ல, ஒங்களுக்கும் இல்ல. ஒங்க யாகப்பருக்கு நெஞ்சு நோவுன்னு சொன்னீங்களே, மருந்துக்கு எங்க போவீங்க?"

"ஆணியப் பாத்தீங்கதானே ஐயா?"

"எந்த ஆணி?"

அதற்கு மேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னையிலருந்து வெளியவே வைங்க. நடந்தது நடந்து போச்சு" என்றார். சந்திரிகா பக்கம் திரும்பி, "நாளான்னைக்குப் பெரட்டுக்கு வா புள்ள, பேரு போடுறேன்" என்றார், பெரிய உபகாரம் செய்கிறவர்போல.

ஹுஸைனுக்கு ஃபோன் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். "சூசையம்மா, நான் ஒங்கள நம்புறேன். ஆனா என்ட கையில இருக்கிறது கிளாக்கர்ட ஒப்பம் வச்ச எண். அத அவரே திருத்தித் தந்தா நானே போய் மாத்துறேன். வாயால சொன்னத மேல எப்படிக் காட்டுற?" என்றார். அவரிடம் சண்டை பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அன்றும் மறுநாளும் வெப்பமானி வெளியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பலகை எழுதுவதில்லை. திங்கட்கிழமை விடிய, டோர்ச் லைட் அடித்துப் பார்த்தேன். ஆறு. பலகையில் ஆறு என்று பெரிதாக எழுதினேன். கிளாக்கர் படம் பிடித்து அனுப்பினார், தொரைக்கும் சொன்னார். ஒப்பந்தப்படி பெரட்டு ஒன்பதுக்கு என்று லயம் லயமாகச் செய்தி போனது. புள்ளக் காம்பராச் சாவியை என்னிடமே கொடுத்துத் திறந்துவிடச் சொன்னார். நான் போய்த் திறந்தேன். உள்ளே காய்ந்த தரை, சுவரில் பிள்ளைகளுக்கு எழுதின எழுத்து. பத்து மாடு கட்ட இடம் இருந்தது.

ஒன்பது மணிப் பெரட்டில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கிளாக்கர் பெயர் வாசித்தார். கடைசியில், "புதுப் பேரு, சந்திரிகா" என்றார். "வந்திருக்கேன்" என்றாள் அவள். அவளுடைய அம்மாவின் படங்கைத்தான் இடுப்பில் கட்டியிருந்தாள், அது அவளுக்கு நீளமாக இருந்தது. பக்கத்தில் வேலாயி அதை மடித்துக் கட்டிவிட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை. பலகைக்கு முன்னால் போய் நின்று, "எல்லாரும் கேளுங்க. இத்தன நாளா நா எழுதுனது பொய். குசினிச் சூட்ட எழுதியிருக்கேன். வேலாயி மாட்ட நல்லாத்தான் பாத்துக்கிட்டா. குளுருலதான் செத்துச்சு. கொன்னது நான்" என்றேன். கிளாக்கர் பெயர்ப் புத்தகத்தை மூடிவிட்டு, "சூசையம்மாவுக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. சரி, மலைக்கு ஏறுங்க" என்றார். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது, நாள் சம்பளத்துக்கான நிறையைப் பறித்து முடிக்க வேண்டும். வேலாயியும் மகளும் ஒருவர் பின்னால் ஒருவராக ஏறினார்கள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மனம் கேட்காமல் வேலாயியின் காம்பராவுக்குப் போனேன். இஸ்தோப்பில் சந்திரிகா விரலெல்லாம் கறை ஏறி வெந்நீரில் கையை ஊற வைத்துக்கொண்டிருந்தாள். வேலாயி எழுந்து எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் ஏதாவது ஏச வேண்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி ஆனது. பக்கத்தில் கிடந்த ஃபோனில் அந்தப் பெண்பிள்ளையின் குரல் வந்தது.

"கண்டி மாவட்டம், வடகிழக்கு மலைப்பகுதி. ஆகக்குறைந்த வெப்பநிலை ஆறு பாகை. இப்பகுதியில் இதுவரை வழமையான நிலை காணப்பட்டது. கடும் குளிர் இன்று முதல் ஆரம்பமாகியுள்ளது. கால்நடை வளர்ப்போர் தங்கள் கால்நடைகளை இரவில் மூடிய இடங்களில்..."

வேலாயி ஃபோனை எடுத்து, நிறுத்தத் தெரியாமல் மகளிடம் நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னையிலருந்துதானாம், அக்கா" என்றாள்.